மெஸ்மரிசம்: வசியமா, அறிதுயிலா?

மார்வெல் காமிக்ஸில் மெஸ்மெரோ என்று ஒரு வில்லன் உண்டு. 1968இல் எக்ஸ்-மென் (அதிசக்தி கொண்ட நாயகர் கூட்டம்) 49ஆம் இதழில் வந்தவன், பச்சைத் தோல்காரன், கண்ணோடு கண் பார்த்தால் எதிரில் இருப்பவர் அவன் சொன்னபடி ஆடுவார். அதே கதைகளின் பெரிய வில்லன் மேக்னெட்டோ பக்கத்தில் நிறுத்தினால் சின்னப் பயல்தான். ஆனால் 1978இல் வந்த 111ஆம் இதழில் எக்ஸ்-மென் கூட்டத்துக்கே தாங்கள் யாரென்பதை மறக்கடித்து, கூடாரத்தில் வித்தை காட்டிப் பிழைப்பவர்களாக மாற்றிவிடுவான், அது ஒன்று போதும் அவன் பெயர் சொல்ல.

அந்தப் பெயரும் மெஸ்மரிசம் என்ற சொல்லும் வந்த வழி வேறு. பிரான்ஸ் அன்டன் மெஸ்மர் (1734-1815) என்ற ஜெர்மானிய மருத்துவர், உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு காந்தப் பாய்மம் ஓடுகிறது, அது தடைபட்டால் நோய், சரிசெய்தால் குணம் என்று சொல்லி முதலில் வியன்னாவிலும் பிறகு பாரீஸிலும் வைத்தியம் பார்த்தார். பின்னணியில் கண்ணாடி ஹார்மோனிகா (ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணங்களைத் தேய்த்து வாசிப்பது) இசை வேறு. 1784இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார். அதில் வேதியியலாளர் லவாய்சியர் இருந்தார், அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினும் இருந்தார். (அந்த ஹார்மோனிகாவை உருவாக்கியவரே பிராங்க்ளின்தான் என்பது தனி வேடிக்கை.) பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் 'காந்தம்' ஏற்றிவிட்டு, ஒரு பையனின் கண்ணைக் கட்டி ஒவ்வொரு மரமாக அழைத்துப் போனார்கள். பையன் மயங்கி விழுந்தான், காந்தம் ஏற்றாத மரத்தடியில்! பாய்மமும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு எழுதிக் கொடுத்தது.

கவனியுங்கள், அடுத்தவர் மனதைப் பிடித்து ஆட்டுவேன் என்பதல்ல மெஸ்மர் விற்ற சரக்கு. அவருடைய சீடர் புய்செகூர் ஒருவரைத் தூக்கம் போன்ற நிலைக்குக் கொண்டுபோய்ப் பேசவைத்த பிறகுதான் அந்தப் பக்கம் கதை திரும்பியது. 1840களில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் காந்தக் கதையைக் கழித்துவிட்டு, கிரேக்கத் தூக்கக் கடவுள் ஹிப்னோஸ் பெயரில் ஹிப்னாடிசம் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மெஸ்மரிசம், ஹிப்னாடிசம் இரண்டையும் 'மனோவசியம்' என்று ஒரே மூட்டையில் கட்டுகிறோம், எனக்கு அதில் உடன்பாடில்லை. வசியம் வடமொழியிலிருந்து வந்தது, ஒருவரை நம் வசப்படுத்துவது. மாந்திரீகத்தின் அட்டகர்மங்களில், அதாவது எட்டு வித்தைகளில், ஒன்று. மற்றவர் விருப்பத்தைப் பறிப்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது, அதனால் மெஸ்மெரோவை வசியக்காரன் என்றால் கச்சிதமாகப் பொருந்தும். சிகிச்சைக்குப் பயன்படும் ஹிப்னாசிஸுக்குப் பொருந்தாது. அங்கே ஆள் தூங்குவதில்லை, சொல்வது காதில் விழும், நினைவும் இருக்கும். அதற்கு அறிதுயில் இருக்கிறதே! பாம்பணையில் திருமால் எல்லாம் அறிந்தபடியே கொள்ளும் துயிலுக்கு நம்மவர்கள் வைத்த பெயர், அழகாக இடம் மாறி உட்காருகிறது. மெஸ்மரிசம் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது, மெஸ்மரின் காந்த வைத்தியத்தைக் குறிக்கும்போது அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், சினிமா விமர்சனத்தில் 'மெஸ்மரைசிங்கான நடிப்பு' என்று எழுதுகிறார்களே, அங்கே இது எதுவுமே வேண்டாம். சொக்கவைக்கும் நடிப்பு, முடிந்தது. சொக்குப்பொடி போட்ட ஊரில் அந்தச் சொல்லுக்கா பஞ்சம்?