பழைய வால்பேப்பரை உரித்தெடுப்பது எப்படி?

1961-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், தர்மான்ட் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடிக்க ஏற்பாடாகிவிட்டது. இடிப்பதற்கு முன் சுவரிலிருந்த வால்பேப்பரை உரித்தெடுத்தார்கள். அன்றைய அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி வெள்ளை மாளிகையைப் புதுப்பித்துக்கொண்டிருந்த சமயம் அது. உரித்த தாள் அங்கே தூதர்களை வரவேற்கும் நீள்வட்ட அறைக்குப் போய்ச் சேர்ந்தது. பிரான்சின் ரிக்ஸ்ஹைம் ஊரிலுள்ள சூபர் நிறுவனம் 1834-இல் வெளியிட்ட ‘வட அமெரிக்கக் காட்சிகள்’ அது. நயாகரா அருவி, பாஸ்டன் துறைமுகம் என்று 32 பட்டைகள். ஒரு நிறம் காய்ந்த பிறகே அடுத்த நிறம் என்று, மொத்தம் 1,690 மரக்கட்டைகளை வைத்துக் கையால் அச்சிட்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட தாளைக் கிழியாமல் உரிப்பதில் சிக்கலெல்லாம் தண்ணீரால்தான். அக்காலத்தில் வால்பேப்பரைப் பெரும்பாலும் கோதுமை மாவுப் பசையால் ஒட்டினார்கள். நம் ஊரில் சினிமா போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையேதான். மாவுச்சத்து எத்தனை ஆண்டு காய்ந்திருந்தாலும் ஈரம் பட்டால் ஊறி இளகும். ஆனால் போஸ்டரின் மை தண்ணீரில் கரையாது. பழைய வால்பேப்பரின் வண்ணம் கரையும். அது டிஸ்டம்பர்: சுண்ணத்தூளையும் நிறமியையும், தோலும் எலும்பும் காய்ச்சிய பசையில் குழைத்தது. பசையை இளக்கும் அதே தண்ணீர் படத்தையும் கழுவிவிடும். போதாக்குறைக்குப் பசை இருப்பது பின்பக்கம். தண்ணீர் அங்கே போக வேண்டுமானால் வண்ணத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதனால் பழந்தாள்களைக் காக்கும் வல்லுநர்கள் முதலில் வண்ணத்தைக் கட்டிப்போடுகிறார்கள். புகையும் தூசியும் உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்சால் துடைத்தெடுக்கப்படும். (ஒரு காலத்தில் இதற்கு ரொட்டித் துண்டைத்தான் தேய்த்தார்கள்.) பிறகு ஒவ்வொரு நிறத்திலும் கண்ணில் படாத இடத்தில் ஒரு துளி நீர் வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்ப்பார்கள். உதிரும் நிறத்துக்கு ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையை நீர்க்கக் கரைத்துப் பூசுவதுண்டு. மீன் பசை ஏன் என்றால், காய்ந்த பிறகு அது அதிகம் பளபளக்காது. டிஸ்டம்பரின் அழகே அதன் மங்கல்தான். மினுங்கினால் காரியம் கெட்டது.

அடுத்து ஈரம். வாளித் தண்ணீருக்கு இங்கே வேலையில்லை. மெத்தில் செல்லுலோஸ் தூளைத் தண்ணீரில் கலந்தால் கெட்டியான கூழாகும். அது நீரைப் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகவே விடும். மெல்லிய தாளை இடையில் வைத்து இந்தக் கூழைப் பூசினால், ஈரம் நிதானமாகப் பசை வரை இறங்குகிறது. சில இடங்களில் நீராவி போதும். பசை பிடிவாதமாக இருந்தால் அமைலேஸ் நொதியைச் சேர்ப்பார்கள். நம் எச்சிலில் இருந்துகொண்டு சோற்றை இனிப்பாக்கும் நொதி அதுதான். மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். பசை இளகியதும் மெல்லிய தகட்டை உள்ளே நுழைத்து, விரற்கடை விரற்கடையாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

பிரித்த தாளைத் திருப்பினால் சில நேரம் வேறொரு செய்தி கிடைக்கும். பிரிட்டனில் 1712 முதல் 1836 வரை வால்பேப்பருக்கு வரி இருந்தது. வரி கட்டியதற்கான முத்திரையைத் தாளின் பின்புறம் குத்தினார்கள். வீட்டுக்காரருக்கே தெரியாத காலக் கணக்கை அந்த முத்திரை சொல்லிவிடும்.

பச்சை நிறம் இருந்தால் மட்டும் எல்லோரும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். வேதியியலாளர் ஷீலே 1775-இல் உருவாக்கிய பச்சை, செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த நஞ்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதுவும் அதன் உறவான எமரால்டு பச்சையும் ஐரோப்பிய வீடுகளின் சுவர்களில் ஏறின. ஈரச் சுவரில் பூஞ்சை பிடித்தால் ஆர்சனிக் வாயுவாகக் கிளம்பும் என்று இத்தாலிய மருத்துவர் கோசியோ 1890-களில் காட்டினார். அது டிரைமெத்தில் ஆர்சைன் என்று 1930-களில் தெரிந்தது. அந்த வாயு ஆளைக் கொல்லும் அளவு வந்திருக்குமா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. இன்று அந்தத் தாளில் வேலை செய்பவருக்கு உண்மையான ஆபத்து உதிரும் தூள். கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியைச் சுவருக்கு நேரே பிடித்தால், தாளைத் தொடாமலே ஆர்சனிக் இருப்பது தெரிந்துவிடும். அதன் பிறகு முகமூடி, கையுறை இல்லாமல் யாரும் அருகே போவதில்லை.

கழற்றிய தாளின் முதுகில் ஜப்பானிய கோசோ தாளை ஒட்டுகிறார்கள். காகித முசுக்கொட்டை மரப்பட்டையின் நீண்ட நார்களால் ஆனது. மெல்லியதாயினும் எளிதில் கிழியாது. ஒட்டுவதற்கு மறுபடியும் கோதுமைப் பசைதான், குளூட்டன் எனும் புரதத்தை நீக்கிய தூய மாவுச்சத்தில் காய்ச்சியது. வலுவான நவீனப் பசைகள் கடையில் கிடைக்கும்போது இது ஏன் என்று கேட்கலாம். இருபதாம் நூற்றாண்டில் சில வீடுகளில் தளர்ந்த ஓரங்களை பிவிஏ எனும் வெள்ளைப் பசையால் ஒட்டிவைத்தார்கள். அது காய்ந்தால் பிளாஸ்டிக். தண்ணீரில் உப்புமே தவிரக் கரையாது. நொதியும் அதை வெட்டாது. இழுத்தால் தாளின் நாரையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். அத்தகைய இடங்களில் அசிட்டோன் போன்ற கரைப்பான்களை எடுக்க வேண்டியிருக்கிறது, அதையும் முதலில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே.