ஓப்பனிங்கைத் திட்டாதீர்கள்

"சார், எனக்கு எந்த ஓப்பனிங் செட் ஆகும்?"

இந்த வாரமும் ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். இணையத்தில் செஸ் ஆடுகிறவர், ஆளுக்கு 10 நிமிடம் தரும் ரேப்பிட் வகை. ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண், 1200-ஐ ஒட்டி மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. ஓப்பனிங் என்பது ஆட்டத்தைத் தொடங்கும் நகர்வு வரிசை; ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். முதலில் இத்தாலியன் ஆடினார், சரிவரவில்லை. லண்டனுக்கு மாறினார், அப்புறம் ஸ்காட்ச். கறுப்பில் காரோ-கான் பழகி, அதையும் கைவிட்டு, இப்போது சிசிலியன் வீடியோக்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார். தோற்ற ஆட்டங்களை மட்டும் அனுப்பச் சொன்னேன். ஓப்பனிங்கால் தோற்றது என்று அவற்றில் ஒன்றையும் என்னால் காட்ட முடியவில்லை.

பயிற்சி கொடுப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இணையத்தில் ஆடிப் பழகியவர்களைக் குறைத்துப் பேசும் பயிற்சியாளர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. இவர்களுக்கு ஃபோர்க் (ஒரே காய் இரண்டைக் குறிவைப்பது), பின் (விலகினால் பின்னால் இருக்கும் பெரிய காய் அகப்படும் என்பதால் ஒரு காய் மாட்டிக்கொள்வது), கடைசி வரிசை மேட் எல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. விதவிதமான எதிராளிகளைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு காய் போனாலும் கலங்காமல் ஆடுகிறார்கள், ஏனென்றால் எதிராளியும் எதையாவது விடுவார் என்று அனுபவத்தில் தெரியும். நான் பார்த்த இந்த 1200-காரரும் அப்படித்தான். கண் கூர்மை. தாக்குதல் என்று வந்துவிட்டால் அவர் ரேட்டிங்குக்கு மீறிய நகர்வுகள் அவ்வப்போது வருகின்றன.

கோளாறு என்னவென்றால், அந்தக் கூர்மை முழுக்கத் தன் நகர்வுகளுக்கு மட்டும்தான் வேலை செய்கிறது.

அவருடைய ஒரு ஆட்டத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளை நம்மவர். ஈ4, குதிரை எஃப்3, பிஷப் சி4, அதாவது இத்தாலியன். (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது பலகையில் ஒரு கட்டத்தின் பெயர்.) கறுப்பு தன் மூன்றாவது நகர்வில் சி6-ல் இருந்த குதிரையைத் தூக்கி டி4-ல் வைத்தது. ஈ5 சிப்பாய்க்குக் காவல் போய்விட்டது. நம்மவர் மூன்று விநாடிகூட எடுக்கவில்லை, குதிரையால் அந்தச் சிப்பாயை வெட்டிவிட்டார். கறுப்பு ராணி ஜி5-க்கு வந்தது. இப்போது அவர் கண்ணில் பட்டது எஃப்7 கட்டம். அங்கே குதிரை போனால் ராணிக்கும் ஹெச்8 யானைக்கும் ஒரே நேரத்தில் குறி. பிரமாதமான ஃபோர்க்! போனது. ராணி ஜி2 சிப்பாயை வெட்டியது. வெள்ளை யானை எஃப்1-க்கு ஒதுங்கியது. ராணி ஈ4 சிப்பாயையும் வெட்டிச் செக். பிஷப் ஈ2-ல் வந்து மறைத்தது. கறுப்புக் குதிரை எஃப்3-ல் இறங்க, மேட். ஏழே நகர்வு. வெள்ளை ராஜாவைச் சுற்றி அதன் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன. குதிரையை வெட்ட வேண்டிய பிஷப் ராணியின் பின்னில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பொறிக்கு பிளாக்பர்ன் ஷில்லிங் காம்பிட் என்று பெயர். பழசு. நம்மவர் என்னிடம் கேட்டது: "இதுக்குத் தியரி என்ன சார்? இல்ல, இத்தாலியனையே விட்டுடலாமா?"

தியரியே, அதாவது புத்தகத்து நகர்வு வரிசையே, வேண்டாம். நான்காவது நகர்வில், 'இவர் ஏன் ஒரு சிப்பாயைச் சும்மா கொடுக்கிறார்?' என்று ஒரு தரம் கேட்டிருந்தால் போதும். எஃப்3 குதிரையால் டி4 குதிரையை வெட்டிவிட்டு நிம்மதியாக ஆடியிருக்கலாம். சரி, சிப்பாயைத்தான் எடுத்தாயிற்று. ராணி ஜி5-க்கு வந்தபோதாவது அது எங்கெல்லாம் பார்க்கிறது என்று கவனித்திருக்கலாம். ஈ5 குதிரையையும் பார்க்கிறது, ஜி2-வையும் பார்க்கிறது. இரண்டையும் கவனித்த எவரும் எஃப்7-க்கு ஓடமாட்டார்கள். அவர் தோற்றதற்குக் காரணம் இத்தாலியனா? இதே ஆள் நாளைக்கு சிசிலியனில் வேறு ஒரு குதிரையை வேறு ஒரு கட்டத்தில் இதே மாதிரி விடுவார். காய்ச்சலுக்குச் சட்டையை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஓப்பனிங் பைத்தியத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் ஒரு தடவை சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஓப்பனிங்கில் சுமாராக ஆடினால் எவ்வளவு நஷ்டம்? என்ஜின் (ஆட்டத்தை மதிப்பிடும் கணினி நிரல்) கணக்கில் அரைச் சிப்பாய் இருக்கும், மிஞ்சினால் ஒரு சிப்பாய். ஒரு குதிரையோ பிஷப்போ ஏறத்தாழ மூன்று சிப்பாய், யானை ஐந்து. யார் கை ஓங்கியிருக்கிறது என்று என்ஜின் காட்டும் மதிப்பீட்டுக் கோட்டை உங்கள் ஆட்டத்தில் பாருங்கள். பத்தாவது நகர்வு வரை நடுவிலேயே ஊர்ந்துபோகும். பிறகு ஒரு குதிரை அளவுக்குக் கீழே விழும், ஒரு யானை அளவுக்கு மேலே ஏறும், மறுபடி விழும். நீங்கள் ஒன்றை விட்டீர்கள், அவர் ஒன்றை விட்டார், அதை நீங்கள் பார்க்கவில்லை. முடிவு அங்கேதான் தீர்மானமாகிறது. அந்த அரைச் சிப்பாயைச் சரிசெய்ய வாரம் முழுக்க வீடியோ பார்க்கிறீர்களே, இது நியாயமா? போதாக்குறைக்கு இந்த மட்டத்தில் எதிராளி ஐந்தாறு நகர்விலேயே புத்தகத்தை விட்டு வெளியே போய்விடுவார். நீங்கள் மனப்பாடம் செய்த பதினைந்தாவது நகர்வு பலகைக்கு வரவே வராது.

மாற்றிக்கொண்டே இருப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வு எங்கள் தொழிலில் அடிக்கடி பேசப்படுவது. நிஜ ஆட்டத்தின் நிலை ஒன்றைச் சில விநாடி காட்டினால், மாஸ்டர் கிட்டத்தட்ட அப்படியே திருப்பி அடுக்கிவிடுவார், புதியவரால் முடியாது. அதே காய்களைக் கன்னாபின்னாவென்று பரப்பிவைத்துக் காட்டினாலோ மாஸ்டரின் அனுகூலம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. அதாவது அவருக்கு இருப்பது அபார ஞாபகசக்தி இல்லை, பழகிய அமைப்புகளின் சேமிப்பு. மாதம் ஒரு ஓப்பனிங் மாற்றுகிறவர் அந்தச் சேமிப்பை மாதாமாதம் காலி செய்கிறார். வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில் ஈ4-க்கு ஒன்று, டி4-க்கு ஒன்று. எதுவானாலும் பரவாயில்லை. ஒரு வருடம் கை வைக்காதீர்கள். (2000-ஐத் தாண்டியவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். உங்களுக்கு ஓப்பனிங் வேண்டும்தான்.)

பஸில், அதாவது ஒரு நிலையைக் கொடுத்துச் சரியான நகர்வைக் கேட்கும் புதிர், விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. பஸில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பஸில் திறந்த உடனேயே உங்களுக்கு ஒரு ரகசியம் தெரிந்துவிடுகிறது: இங்கே ஏதோ இருக்கிறது, கண்டுபிடி. நிஜ ஆட்டத்தில் இதை யாரும் காதில் வந்து சொல்வதில்லை. எதிராளிக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்பதைப் பஸில் பெரும்பாலும் கேட்பதே இல்லை. அதனால்தான் பஸில் ரேட்டிங் 2000 வைத்திருப்பவர் ஆட்டத்தில் 1200-ல் நிற்கிறார். தடுப்பாட்டப் பஸில்கள் என்று தனியாகவே இருக்கின்றன, அவற்றையும் போடுங்கள். முதல் நகர்வை யூகித்துத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கடைசி நகர்வு வரை மனதில் பார்த்த பிறகுதான் கை பலகைக்குப் போக வேண்டும்.

ரேட்டிங்கைப் பற்றிச் சுருக்கமாக. ஆர்பட் ஏலோ வகுத்த முறையை சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்குப்படி, எதிராளியைவிட 100 புள்ளி மேலே இருப்பவர் எதிர்பார்க்கக்கூடியது 64 சதவீத ஆட்டப் புள்ளிகள்தான். மிச்சம் 36 சதவீதம், உங்களைவிடத் தெளிவாகக் கீழே இருப்பவருக்குப் போகும். ஆகவே ஒரு மாலையில் 50 புள்ளி இறங்கியது என்று தூக்கம் கெட வேண்டாம், 50 ஏறியது என்று நண்பர்களுக்கு அனுப்பவும் வேண்டாம். ஒரு தளத்தின் எண்ணை இன்னொரு தளத்தின் எண்ணோடு ஒப்பிடுவதும் வீண். ஆடுகிற கூட்டம் வேறு, தொடக்க எண் வேறு. லிச்செஸ் தளத்தில் புதியவரே 1500-ல்தான் தொடங்குகிறார்.

ஒருவர் ஆட்டத்தை அனுப்பினால் நான் முதலில் பார்ப்பது நகர்வுகளை அல்ல, கடிகாரத்தை. 10 நிமிட ஆட்டத்தில் ஆறு நிமிடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேட் வாங்கியிருப்பார்கள். மிச்சம் பிடித்த அந்த நேரத்தை எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள்? பிளிட்ஸ் (சில நிமிடங்களில் முடியும் அதிவேக ஆட்டம்) ஆடிப் பழகிய கை எங்கேயும் பிளிட்ஸ்தான் ஆடும். ஆகவே கொஞ்ச நாளைக்கு 15 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி கூடுதல் என்ற கணக்கில் ஆடுங்கள். எதிராளி காயை வைத்ததும் கையை விலக்கிக்கொண்டு, இந்த நகர்வால் புதிதாக என்ன வந்தது என்று பாருங்கள். செக் இருக்கிறதா, வெட்டு இருக்கிறதா, அடுத்து ஏதாவது மிரட்டுகிறதா. அப்புறம் உங்கள் நகர்வை முடிவு செய்து, வைப்பதற்கு முன் அதே மூன்றையும் எதிராளியின் பக்கத்திலிருந்து இன்னொரு தரம். முதல் சில வாரங்கள் இது எரிச்சலாக இருக்கும், நேரம் போதாது, ரேட்டிங் இறங்கவும் செய்யும். இறங்கட்டும்.

தொடர்ந்து இரண்டு தோற்றால் எழுந்துவிடுங்கள். "ஒண்ணு ஜெயிச்சுட்டுத் தூங்கிடறேன்" என்று ராத்திரியில் உட்கார்ந்தவர்களின் ஆட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான்காவது, ஐந்தாவது ஆட்டத்தில் அவர்கள் ஆடுவது செஸ்ஸே இல்லை. ஒரு காய் போன உடனே ரிசைன் கொடுக்கும் வழக்கமும் வேண்டாம். 1200-ல் ஒரு குதிரை கூடுதலாக வைத்திருப்பவர் ஜெயித்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

ஆட்டம் முடிந்ததும் என்ஜினைத் திறந்து, சிவப்புக் குறிகளைத் தள்ளிக்கொண்டே போய், "ஆமா, பிளண்டர்" என்று மூடிவிடுவதற்குப் பெயர் அலசல் இல்லை. சரியான நகர்வு எது என்று என்ஜின் சொல்லும். அதை நீங்கள் ஏன் பார்க்கவில்லை என்று அதற்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். உலக சாம்பியனாக இருந்த பாட்வின்னிக் தன் ஆட்டங்களைத் தானே அலசுவதை எவ்வளவு வலியுறுத்தினார் என்பது தெரிந்ததே. முதலில் என்ஜின் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் பயந்தீர்கள், எதை நினைத்து அந்த நகர்வை வைத்தீர்கள், எதிராளியின் எந்த நகர்வு உங்களுக்கு எதிர்பாராதது. ஒரு வரி எழுதி வையுங்கள். அப்புறம் என்ஜின். துல்லியம் 90 சதவீதம் என்று காட்டினால் மயங்கவும் வேண்டாம்; பாதிக் காய்களை மாற்றிக்கொண்டு சும்மா நகர்த்திய ஆட்டத்துக்கும் அது வரும்.

எண்ட்கேம் (காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டம்) பற்றிச் சொன்னால் கேட்பவர்கள் குறைவு என்பதால் நானும் நீட்டவில்லை. ராஜாவும் ஒரு சிப்பாயும் எதிர் ராஜாவும். இதில் ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கும்போது யார் நகர வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் விஷயமே. இதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு யானை எண்ட்கேமில் ஜெயிக்க லூசெனா என்ற நிலை, டிரா பிடிக்க ஃபிலிடோர் என்ற நிலை. ஒரு சனி, ஞாயிறு உட்கார்ந்தால் மூன்றும் வந்துவிடும்.

முப்பது, நாற்பது வயதுக்கு மேல் ஆரம்பித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். "எனக்கு வயசாயிடுச்சு, இனி வராது" என்று தயவுசெய்து முதல் நாளே சொல்லாதீர்கள். கிராண்ட்மாஸ்டர் ஆவது சிரமம்தான். காவலில்லாமல் நிற்கும் உங்கள் குதிரையைக் கவனிப்பதற்கு வயது தடையில்லை.

இனி என்னிடம் ஆட்டம் அனுப்புகிறவர்கள் ஜெயித்ததை அனுப்ப வேண்டாம். தோற்றதில் மூன்று போதும். ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்த நேரம் அதில் இருக்கட்டும். என்ஜின் குறிப்புகளை நீக்கிவிட்டு, ஆட்டம் எந்த நகர்வில் கைவிட்டுப் போனதாக நினைக்கிறீர்கள் என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.