துல்லியம்: ஓடும் பொருளை லேசர் அளக்கும்போது

துல்லியம் (பெயர்ச்சொல்): அளந்து கிடைத்த எண், பொருளின் மெய்யான அளவை எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்பது.

அகராதிக்கு இவ்வளவு போதும். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊருக்குப் போதாது. பால் வற்றிய ரப்பர் மரம் 25, 30 வயதில் வெட்டுப்பட்டுப் பலகை ஆலைக்குப் போகிற நாடு இது. ஆலைச் சங்கிலியில் ஓடிக்கொண்டிருக்கும் கட்டையை லேசரால் அளந்து, எப்படி அறுத்தால் பலகை அதிகம் தேறும் என்று கணினியே முடிவுசெய்யும் முறை மரத்தொழிலில் புழக்கத்தில் இருக்கிறது. அந்த அளவு துல்லியமா என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பது ஒரு கேள்வி அல்ல, இரண்டு.

முதலில் சொல்லின் பிறப்பு. வடமொழியில் ‘துலா’ என்றால் தராசு. அதிலிருந்து ‘துல்ய’, அதாவது சமமான. தமிழுக்கு வந்த துல்லியமும் முதலில் ஒப்பு, சமம் என்றே பொருள்பட்டது. ‘மிகச் சரியான’ என்ற பொருள் பின்னால் ஏறியது. துலாக்கோலும் துலாம் ராசியும் இதன் உறவுக்காரர்கள். ஆக, இது தராசில் பிறந்த சொல். தராசோ, முள் ஓய்ந்த பிறகுதான் பேசும். செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரி திம்பாங்கில், அதாவது எடைமேடையில், ஏறி நிற்கிறது. எண் ஆடி அடங்கும்வரை கணக்கெழுதும் கிராணி பேனாவைத் தொடுவதில்லை. ஓடும் பொருள் அந்த ஓய்வைத் தருவதே இல்லை.

ஆலைக்கே திரும்புவோம். 240 செ.மீ. நீளக் கட்டை, சங்கிலி நொடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது. மேலிருந்து லேசர் ஒரு கோடு போடுகிறது. பக்கத்தில் சாய்வாக வைத்த கேமரா அந்தக் கோட்டின் வளைவைப் பார்த்து, கட்டையின் ஒரு குறுக்குத் துண்டை அளக்கிறது. நொடிக்கு 500 கோடு என்றால் 2 மி.மீ.க்கு ஒரு துண்டு. எல்லாத் துண்டுகளையும் வரிசையாக அடுக்கினால் கட்டை முழுவதும் திரையில் நிற்கும். இப்போது சங்கிலி கொஞ்சம் இழுத்து, வேகம் 0.9 மீட்டருக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிக்கு அது தெரியாது. அது பழைய கணக்கிலேயே அடுக்கும், 240 செ.மீ. கட்டை ஏறக்குறைய 267 செ.மீ. என்று பதிவாகும். பத்துத் தடவை அனுப்பினாலும் பத்துத் தடவையும் 267 தான். தடிமன் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். நீளம் மட்டும் பொய். கருவி சொன்னதையே சொல்கிறது, எல்லாத் தடவையும் தப்பாகச் சொல்கிறது. இதைத் துல்லியம் என்பதா, துல்லியமின்மை என்பதா?

நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளி அறிவியலில் கால்வைத்ததும் இதற்கு இரண்டு மலாய்ச் சொல் படிக்கிறார்கள். உண்மைக்கு நெருக்கம் கெஜித்துவான். திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே எண் வருவது கெபெர்சிசான். ஆங்கிலத்திலும் அக்கியுரசி, பிரிசிஷன் என்று இரண்டு. முன்னதன் வேரில் இலத்தீன் மொழியின் ‘கூரா’, அதாவது கவனம், அக்கறை. பின்னதன் வேரில் வெட்டி நறுக்குதல். தமிழில்தான் இரண்டையும் துல்லியத்தின் தலையில் கட்டிவிடுகிறோம்.

1994-இல் வெளிவந்த, அனைத்துலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 5725 தரமுறை இதை இன்னும் பிரித்தது. சராசரி உண்மையை ஒட்டி நிற்பது ஒன்று. அளவுகள் தமக்குள் ஒட்டி நிற்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்ததே அக்கியுரசி. இதற்கு என் தேர்வு: முதலாவது மெய்ம்மை, இரண்டாவது நுண்மை, இரண்டுக்கும் பொதுப்பெயர் துல்லியம். நுண்மைக்குப் பதில் ‘நுட்பம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. தொழில்நுட்பம், நுட்பக் கோளாறு என்று அந்தச் சொல் ஏற்கெனவே களைத்துக் கிடப்பதால் நான் அதைத் தொடுவதில்லை. மேலே சொன்ன கட்டைக்கு நுண்மை உண்டு, மெய்ம்மை இல்லை.

அடுத்து ‘ஸ்கேன்’. வருடுதல் என்றால் மெல்லத் தடவுதல். கணினித் தமிழில் வருடி என்ற கருவிப்பெயர் வேரூன்றிவிட்டது, இருக்கட்டும். ஆனால் ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. இலத்தீனில் ‘ஏறுதல்’ என்ற பொருளில் தொடங்கி, ஆங்கிலத்தில் முதலில் குறித்தது செய்யுளைச் சீர் சீராகப் பிரித்துப் பார்ப்பதை. உற்றுநோக்கல் என்பதும் தொலைக்காட்சிப் படத்தை வரி வரியாகப் படிப்பது என்பதும் பின்னால் வந்தவை. செய்யுளை அப்படிப் பிரிப்பதற்குத் தமிழ் யாப்பில் பழைய பெயர் இருக்கிறது: அலகிடுதல். அலகு என்றால் அளவின் ஒரு கூறு என்றும் பொருள். தைப்பூசத்தில் அலகு குத்திக்கொள்ளும் நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டதும் வேறொன்று நினைவுக்கு வரும், தெரியும். ஆனாலும் ஓடும் பொருளைத் துண்டு துண்டாக அளந்து அடுக்குவதற்கு வருடலைவிட அலகிடல் பொருந்துகிறது. இடம் மாறி அலகிட்டால் தளை தட்டும், அதாவது சீருக்குச் சீர் உள்ள கட்டு பிசகும். கட்டையில் நடந்ததும் அதுவே. லேசருக்கு உள்ள ‘சீரொளி’ என்ற பெயரும் இந்தச் சீரோடு ஒத்துப்போவது தற்செயல்.

லேசர் என்பது 1957-இல் கோர்டன் கூல்டு தம் குறிப்பேட்டில் எழுதிய சுருக்கப்பெயர். கருவியை முதலில் இயக்கிக் காட்டியவர் தியோடர் மைமன், 1960-இல், மாணிக்கக் கல்லைக்கொண்டு.

பொருள் ஓடும்போது வரும் பிழைக்கு ஒளி போய்த் திரும்பும் நேரத்தைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சுங்கை சிப்புட் நிலையத்தைத் தாண்டும் இ.டி.எஸ். என்ற மின்சார ரயில் மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் போவதாகக் கொள்வோம். நொடிக்குச் சுமார் 39 மீட்டர். 10 மீட்டர் தள்ளி வைத்த லேசரின் ஒளி போய்த் திரும்ப 67 நானோநொடி. அதற்குள் ரயில் நகர்வது 0.003 மி.மீ.கூட இல்லை. ஆனால் கருவி நொடிக்கு 100 கோடு மட்டும் போட்டால், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் ரயில் 39 செ.மீ. போய்விடும். பிழை நுழையும் வாசல் அந்த இடைவெளிதான். அதோடு, கேமராவின் கண் 1 மில்லிநொடி திறந்திருந்தாலே அதற்குள் ரயில் 39 மி.மீ. நகர்ந்து கோடு மங்கும். வேகம் தெரியாதது மெய்ம்மையைக் கெடுக்கிறது, மங்கல் நுண்மையைக் கெடுக்கிறது. நின்ற பொருளில் கடிகாரம் தவறினால் கடிகாரம் மட்டும்தான் தவறும். ஓடும் பொருளில் நேரப் பிழை அப்படியே நீளப் பிழையாக மாறும்.

ஆலையில் இதற்கு மாற்று எளிது. கடிகாரத்தைப் பார்த்துக் கோடு போடாமல், சங்கிலியின் உருளையில், அது எவ்வளவு சுழன்றது என்று எண்ணும் என்கோடர் பொருத்தி, இத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு கோடு என்று வைத்துவிடுவது. சங்கிலி மெதுவானால் கோடும் மெதுவாகும், கட்டை மீண்டும் 240 ஆகும். சங்கிலிமேல் கட்டை சறுக்கினாலோ உருண்டாலோ என்கோடருக்கு அது தெரியாது. உருண்ட கட்டையின் இயல்பான வளைவு திரையில் முறுக்காகத் தெரியும். சுற்றிலும் நாலைந்து கேமரா வைத்து ஒரே கணத்தில் முழு வட்டத்தையும் எடுத்தால் ஒவ்வொரு துண்டும் சரியாக வரும், துண்டுகளுக்கு நடுவே நடந்த உருளல் அப்போதும் தங்கிவிடும். அதைக் கணிக்கத் தனி மென்பொருள் வேண்டும்.

இந்த உருவக் கோணலை ‘நகர்வுச் சிதைவு’ என்று எழுதலாம். ‘அசைவு’ வேண்டாம், அது நின்ற இடத்தில் ஆடுவதற்கு இருக்கட்டும், முக்காலியில் நிற்கும் கருவி அதிர்வது போல.