வாஷிங் மெஷின் கதவு ரப்பர் ஒழுகுவது ஏன், மாற்றுவது எப்படி

முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷினின் அடியில் தண்ணீர் தேங்கினால், அது எந்த நேரத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியவுடனே சொட்டினால் சவர்க்காரத்தூள் தட்டிலிருந்து இறங்கும் குழாயில்தான் சந்தேகம். வெளியேற்றும்போது மட்டும் வந்தால் பம்ப் மூடியோ வடிகால் குழாயோ காரணம். துவைக்கும்போது கண்ணாடியின் கீழ்விளிம்பிலிருந்து முன்தகட்டில் கோடாக வழிந்தால், அல்லது வேகமாகப் பிழியும்போது உள்ளிருந்து சிதறினால், கதவு ரப்பரைப் பார்க்கலாம்.

அந்த ரப்பர் வெறும் வளையம் அல்ல, மடிப்பு மடிப்பாக இருக்கும். மெஷினின் வெளிப்பெட்டி அசையாது. டிரம்மைச் சுமக்கும் தொட்டியோ ஸ்பிரிங்குகளில் தொங்கி ஆடுகிறது. 48 சென்ரிமீற்றர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1,200 சுற்றுச் சுற்றினால், அதன் விளிம்பிலுள்ள துணி தன் எடையைப்போல் ஏறக்குறைய 380 மடங்கு விசையோடு சுவரில் அழுத்தும். துணி ஒரு பக்கமாகக் குவிந்தால் தொட்டி குலுங்கும். அசையும் தொட்டிக்கும் அசையாத பெட்டிக்கும் நடுவில் நீண்டு சுருங்கித் தண்ணீரைத் தடுப்பதுதான் அந்த மடிப்பு.

கதவை மூடும்போது ரப்பரின் மெல்லிய உதடு கண்ணாடிக் கிண்ணத்தில் ஒட்டுகிறது. அங்கே பெரிய அழுத்தம் கிடையாது. 10 சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீர் தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குதான். சிறிய அழுத்தத்தைத் தடுக்க மெல்லிய உதடே போதும். ஆனால் அதைக் கெடுக்க ஒரு தலைமயிரோ காய்ந்த சவர்க்காரப் படிவோ கூடப் போதும். அதனால் புது ரப்பர் வாங்குமுன் கண்ணாடியையும் உதட்டையும் வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றிலும் துடைத்து, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சவர்க்காரத்தூளின் அளவும் முக்கியம். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்து வருவது, மென்மையானது, நுரை எளிதில் பொங்கும். சுண்ணக்கல் மண்ணிலிருந்து ஊறும் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீருக்குப் பழகிய கைக்குக் கொழும்பில் பாதி அளவே போதும். பொங்கிய நுரை உதட்டைத் தாண்டி வழிவதைப் பார்த்துப் பலர் ரப்பரை மாற்றியும் பயன் காண்பதில்லை. மடிப்பிலுள்ள கறுப்புப் புள்ளிகளும் மாற்றக் காரணமல்ல. அது நம் ஈரக்காற்றில் வளரும் பூஞ்சணம், நீர்த்த பிளீச்சால் போய்விடும். பிளீச்சோடு வினாகிரி மட்டும் கலக்கவேண்டாம், குளோரின் வாயு கிளம்பும்.

கிழிசல் பெரும்பாலும் அடிப்பக்க மடிப்பில் இருக்கும். விரலால் மடிப்பை விரித்து டோர்ச் அடித்தால் நாணயக் குற்றியோ, கொண்டை ஊசியோ, பள்ளிச் சட்டையிலிருந்து கழன்ற பேட்ஜ் ஊசியோ அகப்படலாம். சூப்பர் குளூ அங்கே நிற்காது. ஈபிடிஎம் எனப்படும் அந்த ரப்பரில் பசை சரியாகப் பற்றாது, பற்றினாலும் காய்ந்த பசை முதல் குலுக்கலில் உடையும். ரப்பரைத் திருப்பிக் கிழிசலை மேலே கொண்டுபோகும் தந்திரத்தையும் நான் சொல்லமாட்டேன். அடியிலுள்ள வடிகால் துளைகளும் சேர்ந்து மேலே போய்விடும், மடிப்பில் தண்ணீர் தேங்கி நாறும்.

புது ரப்பர் வாங்கக் கதவு விளிம்பிலுள்ள ஸ்டிக்கரின் முழு மாடல் இலக்கம் வேண்டும். பிராண்டின் பெயர் மட்டும் போதாது. பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளுக்குப் போவது இன்னும் நல்லது, துளைகளின் எண்ணிக்கையையும் உள்விட்டத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். உதடு தடிப்பாகவும் கடினமாகவும் இருந்தால் வாங்காதீர்கள்.

வேலையைத் தொடங்குமுன் பிளக்கைக் கழற்றித் தண்ணீர்க் குழாயை மூடுங்கள். பம்ப் வடிகட்டியைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். ரப்பரை முன்தகட்டில் பிடித்திருக்கும் வெளிவளையம் ஸ்பிரிங் வைத்த மெல்லிய கம்பி. ஸ்பிரிங் பெரும்பாலும் அடியில் இருக்கும். மழுங்கிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் அதை நெம்பினால் கம்பி கழன்றுவிடும், பிறகு ரப்பரை முன்தகட்டிலிருந்து உரியுங்கள். சில மாடல்களில் ரப்பரை டிரம்முக்குள் தள்ளிவிட்டால், அதைத் தொட்டியில் பிடித்திருக்கும் உள்வளையம் கைக்கு எட்டும். பலவற்றில் எட்டாது, மேல்மூடி, சவர்க்காரத் தட்டு, கட்டுப்பாட்டுப் பலகை, கதவுப் பூட்டு, முன்தகடு என்று வரிசையாக அவிழ்க்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள், குறிப்பாக வயர் இணைப்புகளை. பூட்டின் வயரை இழுத்து அறுப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. உள்வளையத்தின் திருகு எந்த இடத்தில் நிற்கிறது என்று மார்க்கரால் குறித்த பிறகே அதைத் தளர்த்துங்கள்.

பழையதை எடுத்ததும் தொட்டியின் விளிம்பைச் சுரண்டாமல் துடையுங்கள். அங்கே காய்ந்த படிவு மணலளவு இருந்தாலும் புது ரப்பர் ஒழுகும். புதிய ரப்பரில் சிறிய முக்கோணக் குறி இருக்கும். அது தொட்டியின் குறிக்கு நேராக 12 மணி இடத்தில் நிற்கவேண்டும், வடிகால் துளைகள் 6 மணியில். ரப்பரைப் பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்தால் இளகும். உள்விளிம்பில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு தடவினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். கிரீஸ், பெற்றோலியம் ஜெலி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், ஈபிடிஎம் அவற்றில் ஊதி இளகிவிடும். மேலிருந்து தொடங்கி இரண்டு பக்கமாகவும் கட்டைவிரல்களால் இறக்கி, அடியில் முடியுங்கள். பிறகு விரலை உள்ளே விட்டு முழு வட்டத்தையும் தடவிப் பாருங்கள். மடிப்பு முறுக்கியிருந்தால் கண்ணுக்குமுன் விரலுக்குத் தெரியும்.

உள்வளையத்தை இறுக்கி, கழற்றியவற்றைத் தலைகீழ் வரிசையில் பூட்டியபின் மிஞ்சுவது வெளிக்கம்பி. பொறுமையைச் சோதிப்பது இதுதான். கம்பியின் வட்டம் பள்ளத்தைவிடச் சற்றுச் சிறியது, அதனால் ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் துள்ளி எழும். 12 மணியில் உட்காரவைத்து அங்கங்கே மாஸ்கிங் டேப் ஒட்டி இறங்குங்கள். கடைசியில் ஸ்பிரிங்கை ஒருவர் விரிக்க, இன்னொருவர் கம்பியை உள்ளே தள்ளினால் இரண்டு நிமிட வேலை. தனியாகச் செய்தால் அரை மணித்தியாலமும் ஆகும்.

துணி போடாமல் அலசல் சுற்றில் ஓட்டிப் பாருங்கள். கதவுக்கு நேர்கீழே ஒரு டிஷ்யூவும் மெஷினின் அடியில் பழைய செய்தித்தாளும் விரியுங்கள். டிஷ்யூ நனைந்தால் வெளியுதட்டில் கோளாறு, கண்ணாடியையும் கம்பியையும் பாருங்கள். டிஷ்யூ காய்ந்திருக்கச் செய்தித்தாள் நனைந்தால் உள்வளையம் சரியாக உட்காரவில்லை, முன்தகட்டை மறுபடி கழற்றவேண்டியதுதான்.