தென்னை ஈரியோபைட் சிலந்தி: வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசல் எங்கே படவேண்டும்?

"வேப்பெண்ணெய் அடித்தும் பலன் இல்லை" என்று சொல்லும் தென்னை விவசாயிகளிடம் நான் முதலில் கேட்பது, கரைசல் எங்கே பட்டது என்பதைத்தான். பல தோப்புகளில் தரையில் நின்றபடியே விசைத்தெளிப்பானால் கொண்டை முழுவதும் பீய்ச்சியிருப்பார்கள். குரும்பையின் சாற்றை உறிஞ்சும் நுண்ணிய ஈரியோபைட் சிலந்தியோ ஓலை மட்டைகளில் குடியிருப்பதில்லை.

1965-இல் மெக்சிகோவின் கெரெரோ மாநிலத்து மாதிரிகளைக் கொண்டு அறிவியல் உலகிற்கு அறிமுகமான இச்சிலந்தி, 1998-இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கண்டறியப்பட்டு, குறுகிய காலத்திலேயே தமிழ்நாட்டுத் தோப்புகளையும் எட்டியது. கால் மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம் கொண்ட இது காற்றில் பரவி, கருவுற்ற குரும்பையின் தலைப்பில் தொப்பிபோல் கவிந்திருக்கும் இதழ்களுக்கு அடியில் நுழைந்து, அங்குள்ள இளந்திசுவின் சாற்றை உறிஞ்சுகிறது. முட்டை முதிர்ந்த சிலந்தியாக 7 முதல் 10 நாட்களே போதும் என்பதால் கூட்டம் வேகமாகப் பெருகிவிடும். பாதிக்கப்பட்ட குரும்பையின் இதழை நகத்தால் பெயர்த்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சில் பார்த்தால், வெண்பொடி தூவியது போன்ற பரப்பு மெல்ல நெளிவது தெரியும். வெளியே தெரிவது, இதழின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் வெளிறிய முக்கோணத் தடம் மட்டுமே. அதுவே பின்னர் பழுப்பாகி, காயின் மேல்மட்டை வெடித்து, காய் சிறுக்கிறது.

மத்திய மலைத்தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்த 2 சதவீத வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசல் இதற்கு நல்ல மருந்து. ஆனால் கலக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். 10 லிட்டருக்கு 50 கிராம் கட்டிச் சோப்பைச் சீவி அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் முழுவதுமாகக் கரைத்து, அதை 200 மில்லி வேப்பெண்ணெயில் சிறிது சிறிதாக ஊற்றிப் பால்போல் வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். அதன்பிறகு 200 கிராம் பூண்டை அரைத்து 300 மில்லி நீரில் பிழிந்து வடிகட்டிய சாற்றைச் சேர்த்து, மீதி நீரை ஊற்ற வேண்டும். மேலே எண்ணெய் வளையம் மிதந்தால் கலவை சேரவில்லை என்று பொருள். அதைத் தெளித்தால் ஓரிடத்தில் எண்ணெய் கெட்டியாகப் படிந்து குரும்பை கருகும், மற்றோரிடத்தில் வெறும் நீர்தான் விழும். கரைசலை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். வேம்பிலுள்ள பூச்சிக்கொல்லிப் பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதைவதால், மாலை நேரத் தெளிப்பையே நான் வலியுறுத்துகிறேன்.

மரமேறுபவர் கைத்தெளிப்பானுடன் ஏறி, கருவுற்ற இளங்குலைகள் நான்கைந்தில் மட்டும், இதழ்களின் விளிம்பு நன்றாக நனையும்படி தெளிக்க வேண்டும். முற்றிய காய்களில் அடிப்பது வீண். அப்போதுதான் வெடித்த பாளையில் தெளிக்கவே கூடாது, ஏனெனில் மகரந்தச் சேர்க்கைக்கு வரும் தேனீக்கள் அங்கேதான் இருக்கும். மரமேற ஆள் கிடைக்காத தோப்புகளில், 5 சதவீத அசாடிராக்டின் மருந்தை 7.5 மில்லி எடுத்து அதே அளவு நீருடன் கலந்து, பென்சில் பருமனுள்ள உயிர்வேரைச் சாய்வாக வெட்டி, அந்தக் கலவையுள்ள பாலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டி உறிஞ்சச் செய்யலாம்.

தெளித்த அடுத்த மாதமே காய் பளபளப்பாக வெட்டுக்கு வரும் என்று எதிர்பார்ப்பவர்களின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் தடம் விழுந்த காயை எந்தச் சாறும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. இன்று காப்பாற்றப்படும் குரும்பை முற்றி வெட்டுக்கு வர எட்டு, பத்து மாதங்கள் ஆகும். ஆகவே இடைவெளி விட்டு ஆண்டுக்கு மூன்று முறை தெளிப்பதை ஓராண்டாவது தொடர்ந்து, அதுவரை புதிய குரும்பைகளில் முக்கோணத் தடம் குறைகிறதா என்று சில மரங்களைக் குறித்துவைத்துப் பார்ப்பதே சரியான கணக்கு. அந்த ஓராண்டில் மரத்தையும் பட்டினி போடக்கூடாது. மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கும், 3.5 கிலோ பொட்டாஷ் உரமும், தொழுவுரமும் தவறாமல் இட்டு, வட்டப்பாத்தியில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், சிலந்தி இருந்தும் காய் ஓரளவு திரளும்.