இம்பார்க்: கலமேறு

பழைய ஆங்கில நூல்களைப் படிக்கிறவர்களுக்கு ‘இம்பார்க்’ என்ற சொல் எப்போதாவது கண்ணில் படும். அச்சுப்பிழை என்று தாண்டிப் போய்விட வேண்டாம். இன்று ‘எம்பார்க்’ என்று எழுதப்படும் சொல்லின் பழைய உருவம் அது. கப்பலில் ஏறுவது, கப்பலில் ஏற்றுவது இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். ஹாம்லெட் நாடகத்தில் பிரான்சுக்குப் புறப்படும் லேயர்ட்டீஸ், தங்கையிடம் விடைபெறும்போது, தன் சாமான்களைக் கப்பலில் ஏற்றியாயிற்று என்கிறான். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த இடத்தில் ‘இ’ ஒலியில் தொடங்கும் வடிவமே அச்சாகியிருக்கிறது. பின்னால் பிரெஞ்சை ஒட்டிய ‘எ’ நிலைத்துவிட்டது, ‘இ’ வழக்கொழிந்தது.

சொல்லைப் பிரித்தால் முன்பாதி ‘உள்ளே’, பின்பாதி ‘பார்க்கா’ என்ற பிற்கால லத்தீன் சொல். பார்க்கா என்றால் பெரிய கப்பல் அல்ல, படகு. 7ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிடோர் தம் கலைக்களஞ்சியத்தில், கப்பலின் சரக்கையெல்லாம் கரைக்குக் கொண்டுசேர்ப்பது பார்க்கா என்று எழுதினார். ஆகவே வேரைப் பார்த்தால் இம்பார்க் என்பது படகுக்குள் கால் வைப்பதுதான். (‘எம்பார்கோ’ இந்தக் குடும்பம் அல்ல. தடை என்று பொருள்படும் அந்த ஸ்பானியச் சொல்லின் வேர், குறுக்குக் கட்டை.)

இந்த வேர்ப்பொருள் நம் சென்னைக் கரையில் அப்படியே நடந்திருக்கிறது. செயற்கைத் துறைமுகம் அமையும் முன் கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். கப்பலுக்குப் போகிறவர் முதலில் ஏறுவது மசூலா படகில். ஆணியே இல்லாமல், பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு அந்த அலையின் மோதலில் பிளந்துவிடும். தைத்த பலகை நெளிந்து கொடுக்கும். 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளும் இந்தக் கரையிலிருந்துதான் போனார்கள். நவம்பர் 16இல் டர்பனை அடைந்தார்கள்.

இதற்குத் தமிழ் என்ன? ‘கப்பலேறு’ என்பது எல்லார் வாயிலும் உள்ள சொல். ஆனால் அதற்கு ஒரு நிழல் உண்டு. ‘மானம் கப்பலேறிப் போச்சு’ என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லோடு ஓர் அவமானமும் ஒட்டிக்கொண்டது. ‘தங்கை கப்பலேறினாள்’ என்று எழுதினால் அந்த நிழல் வராது. ‘குடும்பத்தின் பெயர் கப்பலேறியது’ என்றால் வந்துவிடும். பழமை தோய்ந்த இம்பார்க்குக்கு நான் தேர்வது ‘கலமேறு’. கலம் என்பது உண்கலமும் ஆகும், மரக்கலமும் ஆகும். முசிறித் துறையைப் பாடும் அகநானூற்றின் 149ஆம் பாட்டு, யவனரின் ‘வினைமாண் நன்கலம்’ பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்புவதைச் சொல்கிறது. இம்பார்க்கைவிடப் பல நூற்றாண்டு மூத்த சொல் நம்மிடம் இருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்க, தமிழ் அதைத் தெளிவாகப் பிரித்துவிடுகிறது. ஆள் போனால் கலமேறு, சரக்கைப் போட்டால் கலமேற்று. லேயர்ட்டீசின் சாமான்கள் கலமேற்றப்பட்டன, லேயர்ட்டீஸ் கலமேறினான். ஒரு ‘ற்’ போதும்.

1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் இதே பொருளுக்கு வேறொரு பழஞ்சொல் இருக்கிறது. யோவான் 6:24இல் ஜனங்கள் ‘டுக் ஷிப்பிங்’ செய்து கப்பர்நகூமுக்கு வந்தார்கள் என்று வரும். சொல்லுக்குச் சொல் போனால் ‘கப்பல் எடுத்தார்கள்’ என்று ஆகிவிடும். தமிழ் வேதாகமம் ‘படவுகளில் ஏறி’ என்கிறது. அவர்கள் கடந்த கலிலேயாக் கடல் உண்மையில் ஓர் ஏரி, அதில் ஓடியவை சிறு படகுகள். இந்த இடத்தில் தமிழே பொருளுக்கு நெருக்கம்.

எச்சரிக்கை ஒன்று. இன்றைய ஆங்கிலத்தில் புது முயற்சி தொடங்குவதையும் எம்பார்க் என்பார்கள். அங்கே ‘ஏறு’ உதவாது. நாம் வியாபாரத்தில் ‘இறங்குகிறோம்’, தேர்தலில் ‘இறங்குகிறோம்’. அவர்கள் ஏறுகிற இடத்தில் நாம் இறங்குவோம், காரணம் நம் கண்ணில் இருப்பது படகு அல்ல, களம். மொழிபெயர்ப்பில் ‘தொழிலில் கலமேறினார்’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது.

கலமேறு இறந்த சொல்லோ என்று தயங்க வேண்டியதில்லை. விண்வெளி வீரர் ஏறும் ஊர்தியை ‘விண்கலம்’ என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. அவர் அதில் ஏறுவதையும் ‘கலமேறினார்’ என்றே எழுதலாம்.