ஓவனுக்குள் போன ஐஸ்கிரீம்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பினாங்குத் தீவின் பத்து ஃபிரிங்கியில் ஓர் ஓட்டலில் வேலை பழகிவிட்டு, இப்போது ஓர் உல்லாசக் கப்பலின் இனிப்புப் பிரிவில் இருக்கிறார். கப்பல் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போய்க்கொண்டிருந்தபோது நடுக்கடலிலிருந்து வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். கையில் ஒரு தட்டு, அதன்மேல் பொன்னிறமாகச் சிவந்த ஒரு குவியல். கத்தியால் வெட்டிக் காட்டினால் உள்ளே ஐஸ்கிரீம், இறுகியபடியே இருக்கிறது. “அம்மா, இப்பத்தான் ஓவன்லேருந்து எடுத்தோம்” என்றாராம். “220 டிகிரி சூட்டில் ஐஸ்கிரீம் எப்படி உருகாமல் இருக்கும்? பையன் என்னிடம் விளையாடுகிறானா?” என்று கேட்கிறார் அந்த அம்மா.

விளையாடவில்லை அம்மா. உங்கள் மகன் காட்டியது பேக்ட் அலாஸ்கா. கேக் துண்டின்மேல் கட்டியான ஐஸ்கிரீமை வைத்து, அதை முழுக்க மெரிங்கால் மூடி, கொதிக்கும் ஓவனில் சில நிமிடம் வைத்து எடுப்பார்கள். முட்டை வெள்ளையைச் சர்க்கரையோடு சேர்த்து நுரையாக அடித்தால் கிடைப்பதுதான் மெரிங். நியூயார்க்கில் டெல்மோனிகோஸ் உணவகத்தின் தலைமைச் சமையல்காரராக இருந்த சார்ல்ஸ் ரான்ஹோஃபர் 1894இல் வெளியிட்ட சமையல் நூலில் ‘அலாஸ்கா, ஃபுளோரிடா’ என்ற பெயரில் இது இருக்கிறது. குளிர்ந்த ஊர் ஒன்று, சூடான ஊர் ஒன்று. பெயரிலேயே விஷயம் அடங்கிவிட்டது. உல்லாசக் கப்பல்களில் பயணம் முடியப்போகும் ஓர் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பரிமாறுபவர்கள் இதைத் தீச்சுடரோடு ஏந்தி மேசைகளுக்கு நடுவே ஊர்வலம் வருவது வழக்கம். தீ விபத்துக்குப் பயந்து இப்போது பல கப்பல்களில் சுடருக்குப் பதிலாக பேட்டரி விளக்கு வந்துவிட்டது.

அந்த அட்லாண்டிக் பயணம் ஏழு இரவு. வழியில் துறைமுகம் கிடையாது. ஒரு கூடை முட்டை குறைந்தால்கூட வாங்க இடமில்லை, அதனால் எல்லாம் புறப்படும் முன்பே ஏறிவிட வேண்டும். கப்பல் சமையலறையில் கேஸ் அடுப்பு இருக்காது, எல்லாம் மின்சாரம். பாத்திரம் சரியாமல் இருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு உண்டு. கப்பல் பக்கவாட்டில் ஆடுவதைக் குறைக்க, மீனின் செட்டை போல இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் துடுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். குடிநீரைக் கடல்நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். இவை எல்லாமே தனித்தனிக் கட்டுரைக்கு உரியவை. எனக்கு இன்று அந்த மெரிங்கைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதலில் ஓவனையே பாருங்கள். கேக் வெந்ததா என்று பார்க்க 200 டிகிரி ஓவனுக்குள் கையை நீட்டுகிறோம். ஓரிரு விநாடிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே ஓவனில் உள்ள தட்டில் விரல் பட்டால் அந்தக் கணமே கொப்புளம். காற்றும் தட்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. உலோகம் தன்னிடமுள்ள சூட்டைச் சட்டென்று கைமாற்றிவிடும், காற்று அவ்வளவு லேசில் கொடுக்காது. தண்ணீரோடு ஒப்பிட்டாலும் அப்படித்தான்: ஒரே தடிமனில், அசையாமல் நிற்கும் காற்றைவிடத் தண்ணீர் சுமார் 23 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது.

‘அசையாமல் நிற்கும்’ என்பதுதான் இங்கே முக்கியம். காற்றுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சூடானால் மேலே போகும், குளிர்ந்தால் கீழே இறங்கும், போகும் வழியெல்லாம் வெப்பத்தைச் சுமந்து செல்லும். காற்றால் சூட்டைத் தடுக்க வேண்டுமானால் முதலில் அதைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். அதற்குச் சிறந்த கயிறு முட்டை வெள்ளையில் இருக்கிறது.

முட்டை வெள்ளையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதி பெரும்பாலும் புரதம். அந்தப் புரதங்கள் நூல்பந்து போலச் சுருண்டு மிதக்கின்றன. புரதச் சங்கிலியில் சில இடங்கள் தண்ணீரை விரும்பும், சில இடங்கள் வெறுக்கும். சுருண்டிருக்கும்போது வெறுக்கும் பகுதிகள் பந்துக்குள்ளே ஒளிந்துகொள்ளும். நாம் கம்பியை வைத்து அடிக்க அடிக்க இரண்டு காரியம் நடக்கிறது. காற்று உள்ளே போகிறது, பந்துகளும் அவிழ்கின்றன. அவிழ்ந்த சங்கிலிக்கு இப்போது ஒரு சங்கடம்: தண்ணீரை வெறுக்கும் பகுதிகளுக்கு ஒளிய இடமில்லை. பக்கத்திலேயே ஒரு காற்றுக் குமிழி இருக்கிறது. உடனே அந்தப் பகுதிகள் குமிழியின் பக்கம் திரும்பிக்கொள்கின்றன, தண்ணீரை விரும்பும் பகுதிகள் வெளியே தண்ணீரில் நிற்கின்றன. இப்படி ஒரு குமிழியைச் சுற்றி ஏராளமான புரதங்கள் வந்து நின்று, ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு, மெல்லிய தோல் போட்டுவிடுகின்றன. குமிழி இனி லேசில் உடையாது. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை. தண்ணீரைப் பிடிக்காத ஒரு மூலக்கூறு ஒதுங்க இடம் தேடியதில் நமக்கு ஒரு பலகாரமே கிடைத்திருக்கிறது!

சர்க்கரை சேர்ந்தால் குமிழிகளுக்கு இடையே உள்ள தண்ணீர் பாகு போலத் தடித்துவிடும், கீழே வடிய நேரமாகும். அதனால் நுரை நிலைத்து நிற்கிறது. நன்றாக அடித்து முடித்தால் முட்டை வெள்ளை முன்பிருந்ததைப் போல ஆறேழு மடங்கு உப்பும். அப்படியானால் மெரிங்கில் பெரும்பகுதி காற்றுதான்.

இப்போது ஓவனின் சூடு இந்த நுரைக்குள் நுழையப் பார்க்கிறது. ஒரு குமிழி பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மெரிங் மூன்று சென்டிமீட்டர் தடிமன் என்றால், ஐஸ்கிரீமை எட்டும் முன் 300 குமிழிகளைத் தாண்ட வேண்டும். குமிழிக்குள் இருக்கும் காற்றுக்குச் சுழல இடமில்லை, அது அப்படியே நிற்கிறது. குமிழியைச் சுற்றிப் போகலாம் என்றால் அங்கே இருப்பது மெல்லிய நீர்ச்சுவர், அதுவும் வளைந்து வளைந்து போகும் சந்து. தடிமன் இரண்டு மடங்கானால் வெப்பம் ஊடுருவ எடுக்கும் நேரம் நான்கு மடங்காகும். கப்பலில் தலைமைச் சமையல்காரர் தடிமனாகப் பூசச் சொல்லி விரட்டுவதற்கு இதுதான் காரணம். ஒரு விரல்நுனி அளவு இடம் பூசாமல் விட்டால் போதும், சுடுகாற்று நேராக உள்ளே புகுந்து ஐஸ்கிரீம் அந்த ஓட்டை வழியாகவே வடிந்துவிடும்.

இன்னொரு காவலும் உண்டு. மெரிங்கின் வெளித்தோலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,260 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் போதும். அப்படியென்றால் தோலிலிருந்து பறந்துபோகும் ஒவ்வொரு கிராமும், ஏறக்குறைய ஏழு கிராம் பனிக்கட்டியை உருக்கக்கூடிய வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது.

மெதுவான சூட்டில் வைத்தால் இந்த வித்தை நடக்காது. மேலே சிவக்க வெகுநேரம் ஆகும், அதற்குள் உள்ளே உருகிவிடும். அதனால்தான் 220, 230 டிகிரியில் நான்கு நிமிடம். சூடு உள்ளே நடந்து வந்து சேர்வதற்குள் நாம் தட்டை வெளியே எடுத்துவிடுகிறோம்.

இதில் ஐஸ்கிரீமும் நுரைதான். கடையில் வாங்கும் பல ஐஸ்கிரீம்களில் பாதி அளவு காற்று. கீழே இருக்கும் ஸ்பாஞ்ச் கேக்கும் நுரை, வெந்து இறுகிய நுரை. சூடான தட்டிலிருந்து கீழ்வழியாக வரும் வெப்பத்தை அது தடுக்கிறது. பேக்ட் அலாஸ்கா என்பது மூன்று நுரைகளின் அடுக்கு. கப்பலில் அந்த ஐஸ்கிரீம் காத்திருக்கும் குளிரறையின் சுவருக்குள்ளே பார்த்தால் அங்கேயும் நுரைப் பலகைகள்தான், பிளாஸ்டிக்கால் ஆனவை. நம் மாமாக் டீக்கடைக்கு வாருங்கள். பால் டீயான தே தாரிக்கை இழுத்து இழுத்து ஆற்றும்போது பால் புரதங்கள் இதே வேலையைச் செய்கின்றன. மேலே நிற்கும் அந்த நுரைமூடி டீயின் சூட்டைக் காக்கிறது. நுரை முதலில் சூட்டை வெளியே நிறுத்தியது, இங்கே உள்ளே நிறுத்துகிறது.

நுரையைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆயர் ஈத்தாமில் பெரியம்மா வீட்டில் ஒரு தீபாவளிக்கு முன்தினம் முட்டை வெள்ளை அடித்தார்கள். எவ்வளவு அடித்தும் எழும்பவில்லை, தண்ணீராகவே கிடந்தது. அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது, வீட்டுக்குத் தூரம். “நீ ஏண்டி கிட்ட வந்தே?” என்று பெரியம்மா கத்தியதில் அவள் அன்று முழுக்க அடுக்களைப் பக்கம் வரவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அந்தக் கிண்ணத்தில் காலையில் நெய் உருக்கியிருந்தார்கள் என்பதை நான் பார்த்திருந்தேன், ஆனால் அதன் பொருள் எனக்குத் தெரியாது. கொழுப்பும் குமிழியின் ஓரத்தில்தான் இடம் தேடும். புரதம் நிற்க வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் தோல் பின்னத் தெரியாது. கிண்ணத்தில் ஒட்டிய கொஞ்சம் நெய், அல்லது தவறி விழுந்த மஞ்சள் கரு, அவ்வளவுதான் காரணம். ஒரு பெண்ணின் உடம்புக்கும் முட்டை நுரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இன்றும் ஊறுகாய் ஜாடியைத் தொடாதே என்று பெண்பிள்ளைகளை ஒதுக்கும் வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நிற்கும் காற்றின் அருமையை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ரம்ஃபோர்ட் பிரபு என்று பின்னாளில் அழைக்கப்பட்ட பெஞ்சமின் தாம்சன். பவேரியாவின் படைவீரர்களுக்கு எந்தத் துணி கதகதப்பாக இருக்கும் என்று பார்க்கப்போய், இறகும் கம்பளியும் சூட்டைக் காப்பது அவற்றுக்குள் சிக்கிய காற்றால்தான் என்று கண்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1792இல் அவருக்குக் கோப்லி பதக்கம் கொடுத்தது. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து அதே அறிவு நம் பக்கம் வந்தது, பனிக்கட்டியாக. 1833 மே மாதம் டஸ்கனி என்ற பாய்மரக் கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதம் கழித்து கல்கத்தா சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மிச்சம் இருந்தது. குளிர்சாதனம் என்ற ஒன்றே இல்லாத காலம்! இந்தப் பனிக்கட்டி வணிகத்தில் வைக்கோல், மரத்தூள் போன்றவற்றுக்குள் அடைபட்ட காற்றுதான் காவல். அதே வணிகத்துக்காக 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். நாகப்பட்டினத்திலிருந்து ராஜுலா கப்பல் ஏறி பினாங்கு வந்த எங்கள் தாத்தா, கப்பலில் சோறும் பருப்பும் சாப்பிட்டதைத்தான் சொல்வார். ஆனால் வந்து இறங்கிய பிறகு முதல்முதலாக ஐஸ் கச்சாங் சாப்பிட்டதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். ஐஸ் வண்டிக்காரர் கட்டியை மரத்தூளுக்குள்ளிருந்து எடுத்துக் கழுவிச் சீவினாராம்.

ஆக்ஸ்ஃபோர்டில் கடுங்குளிர் இயற்பியலில் பெயர்பெற்ற நிக்கோலஸ் குர்ட்டி, 1969இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சமையலறை இயற்பியல் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். மைக்ரோவேவ் அலைகள் பனிக்கட்டியை அவ்வளவாகச் சுடாது, திரவத்தை நன்றாகச் சுடும். அதை வைத்து பேக்ட் அலாஸ்காவைத் திருப்பிப்போட்டு, வெளியே குளிரும் உள்ளே சூடுமாக ஒரு பலகாரம் செய்து காட்டினார். அவ்வளவு பெரிய ஆய்வாளருக்குச் சமையலறை கௌரவக் குறைவாகப் படவில்லை. நம் ஊரில் தே தாரிக் நுரை ஏன் சில கடைகளில் மட்டும் நிலைக்கிறது, பினாங்கின் ஈரக்காற்றில் பலகாரங்கள் ஏன் நமுக்கின்றன என்று கேட்கும் மாணவருக்கும் ஆய்வுப் பணம் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேள்வி வீட்டில் பிறந்தது என்பதற்காக அது சின்னக் கேள்வி ஆகிவிடாது.

சரி, அந்த அம்மா கடிதத்தின் கடைசியில், இதை வீட்டில் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகச் செய்யலாம், ஆனால் ஒரு விஷயத்தில் கவனம். மெரிங் சூட்டை உள்ளே விடாது என்று இவ்வளவு நேரம் பார்த்தோம். அப்படியானால் மெரிங்கின் உட்பகுதியும் வேகாது. மேலே சிவந்திருந்தாலும் ஐஸ்கிரீமை ஒட்டியிருக்கும் முட்டை பச்சையாகவே இருக்கும். கப்பல் சமையலறைகளில் கிருமி நீக்கிய முட்டை வெள்ளையைப் பயன்படுத்துவது இதனால்தான். அது நுரைக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கும், உங்கள் மகனைக் கேட்டால் சொல்வார். வீட்டில் அது கிடைக்காவிட்டால் சர்க்கரையை 118 டிகிரி வரை பாகு காய்ச்சி, அடித்துக்கொண்டிருக்கும் நுரையில் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். பாகின் சூட்டில் முட்டை ஓரளவுதான் வேகும், கிருமி முழுக்கச் சாகும் என்று நம்பிவிட முடியாது; ஆனால் நுரை நம் ஈரக்காற்றுக்கு நன்றாகத் தாங்கும். ஐஸ்கிரீமை முதல் நாளே கேக்கின்மேல் வைத்து ஃப்ரீசரில் இறுக விடுங்கள். மெரிங்கை இரண்டு விரற்கடைத் தடிமனில் பூசி, ஓரத்தில் தட்டோடு ஒட்டி அடைத்து, நன்றாகச் சூடேறிய ஓவனில் நான்கு நிமிடம் வையுங்கள். கிண்ணத்தை மட்டும் முதலில் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள், நெய் வாசமே இருக்கக் கூடாது.